மிருக மருந்துக் கடைக்காரர்களுக்கு மீன் வளர்ப்பவன் எழுதும் மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மிருக மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் நானாமாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மீனுக்கு மருந்து விற்பது பற்றிய இந்த மடலைத் திணைக்களத்துக்கு எழுதச் சொன்னார்கள். அதையும் ஒருநாள் எழுதலாம். ஆனால் எங்கள் குளத்தில் மீன் மிதந்தால் அன்றைக்கு முதலில் தேடிப் போவது உங்கள் கடையைத்தான். செத்த மீனைச் சொப்பின் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வருகிறோம். மீன் கொண்டுவர வசதியில்லாவிட்டால் போனில் படம் காட்டுகிறோம். "முதலாளி, மீனுக்குப் புண் வந்திருக்கு, ஒரு மருந்து தாங்க" என்று கேட்கிறோம். நீங்களும் கோழிக்குக் கொடுக்கும் தூள் ஒன்றை எடுத்து, "இதப் போட்டுப் பாருங்க தம்பி" என்று தருகிறீர்கள். செங்கலடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இதுதான் நடக்கிறது. யாரும் நியமிக்காமலே இந்த இரண்டு மாவட்டத்துக்கும் மீன் வைத்தியர்களாக நீங்கள் ஆகிவிட்டீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. மாட்டுக்குச் சுகமில்லாவிட்டால் மாட்டாஸ்பத்திரி இருக்கிறது என்று வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீனுக்கு எங்கே போவது என்று கேட்டால் சங்கத் தலைவரே உங்கள் கடையைத்தான் கை காட்டுகிறார். அரச ஒழுங்கும் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. மீன் வளர்ப்பைப் பார்ப்பது 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த, நாங்கள் நெக்டா என்று சுருக்கிச் சொல்லும் அதிகாரசபை. அது மீன்பிடி அமைச்சின் கீழ் இருக்கிறது. மிருக மருந்தும் மிருக வைத்தியரும் கால்நடைத் திணைக்களத்தின் பக்கம். குஞ்சு ஒரு பக்கத்தாலும் மருந்து மறுபக்கத்தாலும் வந்து சேரும் இடம் உங்கள் மேசைதான். அதனால்தான் உங்களுக்கே நேராக எழுதுகிறேன். நான் கேட்க வந்தது சின்ன விஷயம். மீனுக்கு அன்ரிபயோட்டிக் தூளை எடுத்து நீட்ட முன் சில கேள்விகள் கேளுங்கள். பதில் சரியில்லாவிட்டால் அந்தத் தூளைக் கொடுக்க வேண்டாம்.

முதல் கேள்வி, "எத்தனை மணிக்குச் செத்தது?"

சிரிக்க வேண்டாம். பாதி நோயை இந்த ஒரு கேள்வி பிரித்துக் காட்டிவிடும். கச்சான் காற்றடிக்கும் வறண்ட காலத்தில் எங்கள் குளங்களின் நிலை உங்களுக்குத் தெரியும். உன்னிச்சை, நவகிரிக் குளங்களில் சிறுபோக வயலுக்குத் தண்ணீர் திறந்து விட்டபின் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மண்குளம் வைத்திருப்பவனுக்கோ நல்ல தண்ணீர் மாற்ற வழியே இருக்காது. தண்ணீர் பச்சையாகத் தடிக்கும். அந்தப் பச்சை பகலில் வெயிலில் ஒட்சிசனை விடும், இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் ஒட்சிசனைக் குடிக்கும். ஆகக் குறைவது விடியப்புறம். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிய மீன், வெயில் ஏறி எட்டு ஒன்பது மணியானதும் ஒன்றும் நடக்காதது போல ஓடித் திரிந்தால் அது கிருமி நோயில்லை. ஒரே இரவில் நிறையச் செத்து, அதிலும் பெரிய மீன்கள் முந்திச் செத்திருந்தால் ஒட்சிசன் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பற்றீரியா நோய் அனேகமாக அப்படி வராது. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஐந்து, அடுத்த நாள் பத்து என்று ஏறும், சாகமுன் சில நாள் தீன் தின்னாமல் ஒதுங்கி நிற்கும். மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு ஒக்சிரெட்ராசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் என்ன செய்யும்? வளர்ப்பவனுக்கு வேண்டியது தண்ணீர்ப் பம்பியும் இரண்டு நாள் தீனை நிறுத்து என்று சொல்ல ஒரு ஆளும்.

இரண்டாவது, "புண் எங்கே, எப்படி இருக்கு?" என்ற கேள்வி. இதற்கு வரும் பதிலை வைத்து நோயின் பெயரைச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதைக் காட்டத்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உடம்பில் சிவப்புத் திட்டு, செட்டை அடியில் இரத்தம் கட்டுதல், வயிறு ஊதிச் செதில் நிமிர்ந்து நிற்பது என்றால் எரோமோனாஸ் என்ற பற்றீரியாவாக இருக்கலாம். இது வெளியூரிலிருந்து வந்த கிருமி இல்லை. எல்லா நன்னீரிலும் இருப்பது, நல்ல மீனின் குடலிலும் இருப்பது. மீன் நெருக்கத்தாலோ அமோனியாவாலோ காயத்தாலோ பலவீனமாகும் நாளுக்குக் காத்திருக்கும். ஒட்சிசன் அடைத்த பையில் குஞ்சு ஏற்றி வந்து விட்ட சில நாளில் முதுகில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படலம் பிடித்து, பூ (செவுள்) அழுகி, வால் கிழிந்து சாகிறதென்றால் கொலம்னாரிஸ் நோயாக இருக்கலாம். வலையில் உரசுப்பட்ட தோலில் அது உடனே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கொதிக்கும் மாதங்களில், விற்கிற அளவுக்கு வளர்ந்த திலாப்பியா கண் பிதுங்கி, உடம்பு வளைந்து, சுற்றிச் சுற்றி நீந்தினால் ஸ்ரெப்ரொகொக்கஸாக இருக்கலாம். 30 பாகை செல்சியசைத் தாண்டிய தண்ணீர் அதற்கு மிகவும் பிடிக்கும், எங்களுக்கோ அந்தச் சூடு பல மாதம் இருக்கிறது. இந்த மூன்றும் பற்றீரியா. சரியான மருந்தைச் சரியான அளவில் நேரத்துக்குக் கொடுத்தால் பலன் உண்டு.

ஆனால் மாரி மழைக்குப் பின் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது விராலிலும் மற்ற மீனிலும் குழி விழுந்த புண் வருகிறதே, அது? 1980களின் இறுதியில் இலங்கையின் குளங்களை ஒரு ஆட்டு ஆட்டிய புண் நோய் அது. அதன் மூலகாரணம் அபனோமைசிஸ் என்ற, பங்கசு போன்ற ஒரு உயிரி. பற்றீரியா பிறகுதான் வந்து புண்ணில் குடியேறுகிறது. அன்ரிபயோட்டிக் அந்த மூலத்தைத் தொடாது. திலாப்பியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்றை 2014இல் இஸ்ரேலில் அடையாளம் கண்டார்கள், பின்பு ஆசியாவின் பல நாடுகளிலும் கண்டார்கள். அதற்கும் எந்த அன்ரிபயோட்டிக்கும் கேளாது. மீன் பேன் கடித்த இடமும் நங்கூரப் புழு குத்திய இடமும் சிவந்து வீங்கித்தான் இருக்கும். பேனை விட்டுவிட்டுச் சிவப்புக்கு மருந்து போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போனில் வரும் படத்தில் இவை எல்லாமே ஒரு சிவந்த புண்தான். நீங்கள் படத்தைப் பார்த்து மருந்தைத் தெரிந்தெடுப்பது குருட்டு அடி. பட்டால் பட்டது.

"ஆனால் போன முறை போட்டேன், சுகமாயிட்டே" என்று வளர்ப்பவர் சொல்வார். நீங்களும் அதைக் கேட்டுத்தான் அடுத்த ஆளுக்கும் அதே தூளைக் கொடுக்கிறீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். மீன் சாகத் தொடங்கியதும் அவர் மருந்து மட்டுமா போட்டார்? தீனைக் குறைத்தார். பக்கத்து வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைத்தார். செத்ததைப் பொறுக்கி எடுத்தார். மீன் குறையக் குறைய நெருக்கமும் குறைந்தது. இடையில் ஒரு மழையும் பெய்திருக்கும். பலவீனமானதெல்லாம் செத்து முடிய மிஞ்சியது பிழைத்துக்கொண்டது. சாவு நின்றதன் பெருமை மட்டும் தூளுக்குப் போய்விட்டது. அதே நோய்க்கு ஒருவர் மருந்தே போடாமல் தண்ணீரை மட்டும் மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களிடம் வந்து சொல்லப்போகிறவர் யார்? அவர் கடைக்கே வரமாட்டாரே.

சரி, பற்றீரியா நோய்தான் என்றே வைப்போம். அளவுக்கு வருவோம். இதில்தான் எனக்கு உண்மையான கோபம்.

20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழத்தில் ஒரு மண்குளம். எங்கள் பக்கத்தில் பெரிய குளம் என்று சொல்ல முடியாது. அதில் 2 இலட்சம் லீற்றர் தண்ணீர் நிற்கிறது. நீங்கள் கொடுப்பது 100 கிராம் ஒக்சிரெட்ராசைக்கிளின் பக்கற். அதில் 20 வீதம் மருந்து என்றால் உள்ளே இருப்பது 20 கிராம், மிச்சம் சீனியோ மாவோ. அதைத் தண்ணீரில் கரைத்து வீசினால் ஒரு லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் விழும். தொட்டியில் வைத்து மருந்துக் குளியல் கொடுப்பவர்கள் லீற்றருக்குப் பத்துக் கணக்கான மில்லிகிராம் போடுகிறார்கள், அதுவும் மணிக்கணக்காக மீனை அதில் வைத்திருந்து. நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாத அளவை நாங்கள் குளத்தில் வீசிவிட்டு நோய் தீரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீசியதும் முழுதாக நிற்பதில்லை. தண்ணீரிலுள்ள கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் இந்த மருந்து பிணைந்துவிடும், சேற்றில் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் சிதையும். மீனுக்குள் போவது எவ்வளவு? கிருமியைக் கொல்ல அது போதாது. ஆனால் சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் கோடிக்கணக்கான பற்றீரியாக்களில் அந்த மருந்தைத் தாங்கக்கூடியதைத் தெரிந்தெடுத்து வளர்க்க அது தாராளம்.

தீனில் கலந்து கொடுப்பதுதான் முறை. அதற்கும் கணக்கு மீனின் நிறையில் தொடங்குகிறது. அமெரிக்காவில் கெளிற்று மீன் வளர்ப்புக்கு அனுமதித்த அளவை உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 முதல் 83 மில்லிகிராம் ஒக்சிரெட்ராசைக்கிளின், 10 நாள் விடாமல், அதன்பின் 21 நாள் பிடிக்கக் கூடாது. எங்கள் குளத்தில் 200 கிராம் மீன் 500 நிற்கிறதென்றால் மொத்தம் 100 கிலோ. நாளொன்றுக்கு ஐந்தரை முதல் எட்டேகால் கிராம் மருந்து வேண்டும். 20 வீதத் தூளில் அது 27 முதல் 41 கிராம். பத்து நாளைக்கு மூன்று, நான்கு பக்கற். யார் வாங்குகிறார்கள்? ஒரு பக்கற் வாங்கி மூன்று நாள் போட்டு, சாவு குறைந்தால் மீதியைச் சுருட்டி வீட்டுக் கூரையில் சொருகுகிறோம், அடுத்த நோய்க்கு. இதைப் பார்த்து நிறுத்துக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அளவு எழுதுவது வைத்தியர் வேலை. மீனின் நிறையும் எண்ணிக்கையும் கேட்காமல் கொடுக்கும் எந்த அளவும் அளவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நோய் முற்றிய மீன் தீன் தின்னாது. மருந்துத் தீனை ஓடி வந்து தின்பது இன்னும் நோய் பிடிக்காத மீன். ஆகவே பிந்திக் கொடுத்தால் சாகப் போகிறது செத்தே தீரும், மருந்து முழுவதையும் சுகமாயிருப்பது தின்று, தின்றதில் பெரும்பகுதியை அப்படியே தண்ணீரில் கழித்து விடும்.

மனிதருக்கு வைத்திருக்கும் கப்சியூலை உடைத்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அது உங்கள் கடையில் வாங்கியதில்லை, பாமசியில் வாங்கியது. ஆனால் உங்களிடம் வந்து "அமொக்சிசிலின் போடலாமா" என்று கேட்பார்கள். எரோமோனாசுக்கு அமொக்சிசிலின் இயல்பிலேயே கேட்பதில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள். காசும் போய் மீனும் போகும். குளோராம்பெனிகோல், நைற்றோபியூரான் வகை, மலகைற் கிறீன் மூன்றையும் சாப்பாட்டு மீனுக்குத் தொடவே கூடாது. உலகின் பெரும்பாலான நாடுகள் உணவுக்கு வளர்க்கும் உயிரினங்களில் இவற்றைத் தடுத்து வைத்திருப்பது சும்மா இல்லை. குளோராம்பெனிகோல் அரிதாக என்றாலும் மனிதரின் இரத்தம் உண்டாகும் எலும்பு மச்சையையே படுக்கவைக்கக் கூடியது. அலங்கார மீன் கடையிலிருந்து பச்சை மருந்து வாங்கி வந்து திலாப்பியாக் குஞ்சுக்கு ஊற்றும் ஆள் உங்களைக் கேட்டால் தயவுசெய்து மறித்து விடுங்கள்.

மூன்றாவது கேள்விதான் உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும். "எப்ப விற்கப் போறீங்க?"

மீன் சாகத் தொடங்கினால் வளர்ப்பவன் என்ன செய்வான் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு நாள் மருந்து போட்டுப் பார்ப்பான். நிற்காவிட்டால் மூன்றாம் நாள் வலை போட்டு இருப்பதைப் பிடித்து விற்பான். போட்ட காசில் பாதியாவது வரவேண்டாமா? அவன் நிலையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். அந்த மீன் மருந்தோடுதான் சந்தைக்குப் போகிறது. கடலோரத்து எழுவான்கரையில் குளத்து மீன் என்றால் சேற்று மணம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மாரியில் கடல் இறைந்து வள்ளம் இறங்காத நாட்களில் அவர்கள் வீட்டுச் சட்டியிலும் இதே திலாப்பியாதான் கொதிக்கிறது. கடல் மீன் விலை எட்டாத வீடுகளுக்கோ வருடம் முழுக்க இதுதான். நாளைக்கே விற்கப் போகிறவனுக்கு மருந்து கொடுக்காதீர்கள். விற்பதானால் மருந்து போடாமல் விற்கட்டும். போடுவதானால் நாள் கழியும்வரை காத்திருக்கட்டும். காத்திருக்க வேண்டிய நாளைப் பக்கற்றில் பேனையால் பெரிதாக எழுதிக் கொடுங்கள். சுடுதண்ணீருள்ள எங்கள் குளத்தில் எத்தனை நாள் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், "ரெண்டு நாள் போதும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் மீனோடு முடிகிற காரியமா என்றால் இல்லை. எங்கள் குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் வயலுக்கும், வயலிலிருந்து வடிந்து வாவிக்கும் போகிறது. அதே வாய்க்காலில்தான் குளிக்கிறோம், மாடு கழுவுகிறோம், காலில் மண்வெட்டி வெட்டிய காயத்தோடு இறங்குகிறோம். எரோமோனாஸ் மனிதக் காயத்திலும் பிடிக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு தென் தாய்லாந்தில் தப்பியவர்களின் காயங்களிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்த பற்றீரியாக்களில் அதிகமாகக் கிடைத்தது இதுதான். அந்த அலை எங்கள் கரைக்கும் வந்தது, எத்தனை பேர் காயத்தோடு கிடந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பற்றீரியா மருந்தைத் தாங்கும் பரம்பரையலகை (ஜீனை) தன்னோடு மட்டும் வைத்துக்கொள்வதுமில்லை. பக்கத்திலிருக்கும் வேறு இனப் பற்றீரியாவுக்கும், மனிதக் குடலில் வாழும் இனங்களுக்கும்கூட, அதைக் கைமாற்றக் கூடியது. கடைசி மருந்தாக வைத்தியசாலைகள் ஒளித்து வைத்திருந்த கொலிஸ்ரினுக்கு அடங்காத, தாவக்கூடிய பரம்பரையலகு ஒன்றை 2015இல் சீனாவில் பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டு சொன்னார்கள். கொலிஸ்ரின் பண்ணையில் பழக்கப்பட்ட மருந்து. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மீன் குளம் அதில் ஒரு சின்னப் பங்கு என்று நீங்கள் சொல்லலாம். கோழிப் பண்ணையின் பங்கு பெரிது, மனிதர் கண்டபடி விழுங்குவதன் பங்கு அதிலும் பெரிது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோழி எருவையும் பசளை என்று எங்கள் குளத்தில்தானே கொட்டுகிறோம்? கோழிக்குப் போட்ட மருந்தின் மிச்சமும் அதைத் தாங்கிய கிருமியும் சேர்ந்தே வருகின்றன. அதனால் கோழிக்காரருக்குக் கொடுக்கும்போதும் இதையெல்லாம் கொஞ்சம் நினையுங்கள்.

சமைத்துத்தானே தின்கிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிருமி வெந்து சாகும், உண்மைதான். 2015இல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்ற பலருக்கு ஸ்ரெப்ரொகொக்கஸ் தொற்று வந்து, கடைகளில் அப்படி விற்பதையே அங்கே நிறுத்தினார்கள். எங்களிடம் அந்தப் பழக்கம் இல்லை, நல்லது. ஆனால் மீன் வெட்டும் கைக் காயத்தை யார் சமைக்கிறார்கள்? மருந்தின் எச்சமும் கொதித்தால் முழுதாகப் போய்விடாது.

"நான் கொடுக்காட்டி அடுத்த கடையில வாங்குவான்." இது நியாயமான பேச்சு. தனி ஒரு கடை நட்டப்பட்டு ஊரைத் திருத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பசாரில் இருப்பது மூன்று நான்கு மிருக மருந்துக் கடை. ஒருவரை ஒருவர் உங்களுக்குத் தெரியும், கலியாணத்துக்கும் நோன்பு துறக்கவும் கூடுகிறவர்கள்தானே. ஒன்றாக ஒரு முடிவு எடுத்தால் வாங்குபவன் எங்கே ஓடுவான்? குறைந்தபட்சம் ஒன்றை உடனே நிறுத்தலாம்: பெரிய ரின்னைத் திறந்து, கரண்டியால் அள்ளிப் பேப்பரில் மடித்துக் கொடுப்பது. அதில் மருந்தின் பெயர் இல்லை, வீதம் இல்லை, காலாவதித் திகதி இல்லை. நாளைக்கு வைத்தியர் வந்து "என்ன போட்டீங்க" என்று கேட்டால் "மஞ்சள் தூள்" என்கிறோம். மஞ்சள் தூளை வைத்து அவர் என்ன செய்வது?

வியாபாரம் குறையும் என்ற கவலைக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. மீன் வளர்ப்பவனுக்கு உண்மையில் வேண்டிய சாமான் எதுவும் உங்கள் றாக்கையில் இல்லை. பீஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை), அமோனியா பார்க்கும் பெட்டி வையுங்கள், வெப்பமானி வையுங்கள், காற்றடிக்கும் மோட்டார் வையுங்கள். தூளைவிட இலாபமும் கூட, திரும்பத் திரும்ப வந்து வாங்கவும் செய்வார்கள். கரடு உப்பு வையுங்கள். குஞ்சு இறக்கும்போது லீற்றருக்கு 10 கிராம் அளவில் கரைத்த உப்புத் தண்ணீரில், அரை மணிக்கு மேற்படாமல், பக்கத்திலேயே நின்று பார்த்து, மீன் சாயத் தொடங்கினால் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றினால் வெளிப்புற ஒட்டுண்ணி பலவும் கழன்றுவிடும், உரசல் காயத்துக்கும் நல்லது. விவசாயச் சுண்ணாம்பும் வையுங்கள். ஆனால் சுட்ட சுண்ணாம்பை மீன் நிற்கும் குளத்தில் கொட்டக் கொடுக்காதீர்கள், அது வற்றிய குளத்தைக் காயப்போடும்போது மட்டும். மீன் நிற்கும்போது கொட்டினால் பீஎச் குதித்து, தண்ணீரில் சும்மா கிடந்த அமோனியா நஞ்சாக மாறி, அன்றிரவே மீதியையும் முடித்துவிடும். அப்புறம் அதற்கும் மருந்து கேட்டு உங்களிடமே வருவான்.

நோய் என்றே உறுதியாகத் தெரிந்தால் அவனை எங்கே அனுப்புவது? உங்கள் பகுதி மிருக வைத்தியருக்குப் போன் எடுங்கள். மீன் அவருடைய அன்றாட வேலையாக இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் மருந்துச் சீட்டு எழுதும் உரிமை உள்ளவர் அவர்தான். நெக்டாவின் விரிவாக்க உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். குஞ்சு வாங்க இங்கினியாகலைக்குப் போகிறவர்கள் நோயைப் பற்றியும் அங்கே பேசட்டும். பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் நீர்வாழ் உயிரின நோய்களைப் பார்க்கிறது. மாதிரியை அங்கே அனுப்ப வேண்டி வந்தால் எப்படி எடுப்பது என்பதை நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம். செத்து மிதந்த மீனில் பிரயோசனம் இல்லை, எங்கள் வெக்கையில் சில மணி நேரத்துக்குள் குடலிலிருந்த கிருமியெல்லாம் உடம்பு முழுக்கப் பரவி உண்மையான குற்றவாளியை மறைத்துவிடும். நோய்ப்பட்டு இன்னும் உயிரோடிருக்கும் மீன் நாலைந்து வேண்டும். முடிந்தால் உயிரோடு, முடியாவிட்டால் ஐசில் வைத்து, உறையவிடாமல், அன்றைக்கே. கூடவே ஒரு போத்தல் குளத்துத் தண்ணீர். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று தட்டில் வைத்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் எடுக்கும். அந்த மூன்று நாளில் குளம் காலியாகிவிடும் என்று பயப்படுவார்கள். தீனை நிறுத்தி, தண்ணீர் மாற்றி, செத்ததைப் பொறுக்கிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துக்கொண்டிருந்தால் அந்த மூன்று நாளைத் தாண்டலாம். செத்த மீனை வாய்க்காலில் வீசுகிறவர்களை மட்டும் ஏசி அனுப்புங்கள். கீழே இருப்பவனும் மீன் வளர்க்கிறான்.

இதை மிருக வைத்தியர்களோ நெக்டாவில் இருப்பவர்களோ வாசித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கச்சான் தொடங்க முன் இந்தக் கடைக்காரர்களை ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். பயமுறுத்த வேண்டாம், சீல் வைப்போம் என்று தொடங்கினால் ரின் மேசைக்கு அடியில் போகும், அவ்வளவுதான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, அங்கே படிக்கும் பிள்ளைகளை அன்று கூட்டி வந்தால் நல்லது. நோர்வேக்காரர் 1987இல் சல்மன் மீனுக்கு ஏறத்தாழ 48 தொன் அன்ரிபயோட்டிக் போட்டவர்கள், தடுப்பூசி வந்தபின் மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும் மருந்தை ஒரு தொன் அளவுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். திலாப்பியாவின் ஸ்ரெப்ரொகொக்கசுக்கும் உலகில் தடுப்பூசி விற்பனையில் இருக்கிறது. இரண்டு மண்குளம் வைத்திருப்பவனுக்கு அது கட்டுப்படியாகுமா என்று பார்ப்பது உங்கள் வேலை.

திரும்ப உங்களிடம் வருகிறேன், முதலாளிமாரே. ஒரு கொப்பி வையுங்கள். மீனுக்கென்று யார் வந்தாலும் திகதி, ஊர், எந்த மீன், எத்தனை செத்தது, எத்தனை மணிக்கு, என்ன அறிகுறி, என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம். வாகரையிலிருந்து பொத்துவில் வரை கடைக் கொப்பிகள் பத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த மாதம் எந்தப் பக்கத்தில் சாவு தொடங்குகிறது, எந்த மருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்பது தெரிந்துவிடும். மாத முடிவில் கொப்பியைப் படமெடுத்து உங்கள் பகுதி மிருக வைத்தியருக்கு அனுப்பினால் போதும். சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு ஒவ்வொரு கடையாக நானே வருகிறேன், கோடு போட்ட கொப்பி என் செலவு. மேற்சொன்ன மூன்று கேள்வியையும் பெரிய எழுத்தில் அச்சடித்து மட்டையில் ஒட்டித் தருகிறேன், தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிட இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையில் திலாப்பியா வளர்க்கும் உங்கள் வாடிக்கையாளன்